தாழ்வாரத்துத் தளமும் இரண்டு இரும்பு முட்டுகளும்

சென்ற ஐப்பசி மழையில் பின்கட்டுத் தாழ்வாரத்தின் மேல்தளத்திலிருந்து விரல் நீளத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. அதே இடத்தை ஏற்கெனவே இரண்டு முறை ஆள் வைத்துப் பூசியாயிற்று. மூன்றாம் முறை நானே இறங்குவது என்று முடிவு செய்தேன். வீடு திருச்சியில், 1992இல் கட்டியது.

தை பிறந்து ஈரம் வற்றியதும் ஏணியில் ஏறிச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். நல்ல இடம் ‘ணங்’ என்றது. கெட்ட இடம் ‘பொத்’ என்றது. பொத்தென்ற எல்லையைச் சாக்பீஸால் வளைத்துக் கோடிட்டால் இரண்டடிக்கு ஒன்றரை அடி வந்தது. விழுந்ததோ விரல் நீளம்தான்.

தெருக்கோடியில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் இருக்கிறார். வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, “முட்டுக் கொடுக்காமல் உளியைத் தொடாதீர்கள். அதற்கும் முன்னால் மாடிக்குப் போய்ப் பாருங்கள்” என்றார். போய்ப் பார்த்தேன். நேர் மேலே தண்ணீர்த் தொட்டி. அதன் வழிகுழாய் தட்டோட்டின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டு இணைப்புகளில் கலவையே இல்லை. இத்தனை வருடமும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவன், ஒரு நாளும் மாடிப்படி ஏறவில்லை. குழாயை வடிகால்வரை நீட்டி, இணைப்புகளைச் சுரண்டி நிரப்புவதிலேயே இரண்டு ஞாயிறு போனது.

பிறகு இரண்டு இரும்பு முட்டுகளை வாடகைக்கு எடுத்து நிறுத்திவிட்டுக் கொத்த ஆரம்பித்தேன். கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் இந்த வேலை ஆகாது. கம்பிக்குக் கீழே இருந்த கான்கிரீட் எட்டே மில்லிமீட்டர். இன்றைய கணக்குக்குக் குறைந்தது இருபது மில்லிமீட்டர் வேண்டும். துரு, பழைய அப்பளக்கட்டு போல அடுக்கடுக்காக உரிந்தது. இரும்பு துருவானால் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் காரை கழன்று விழுகிறது.

காரத்தன்மை உள்ள இடத்தில் இளஞ்சிவப்பாக மாறும் பினாப்தலீன் கரைசலை வேதியியல் ஆசிரியரான நண்பரிடம் கொஞ்சம் வாங்கி, புதிதாக உடைத்த முகத்தில் தெளித்தேன். உள்ளே சுரீரென்று இளஞ்சிவப்பு. அடிப்பக்கம் ஓர் அங்குலத்துக்கு நிறமே இல்லை. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு புகுந்து அந்த ஓர் அங்குலத்தின் காரத்தன்மையைத் தின்றுவிட்டது. கம்பியைத் துருவிலிருந்து காப்பதே அந்தக் காரம்தான். எங்கள் கம்பிகள் முழுவதும் நிறமற்ற பகுதியில் கிடந்தன.

வெர்னியர் வைத்து அளந்தேன். எட்டு மில்லிமீட்டர் கம்பிகள் பெரும்பாலும் ஏழரைக்குக் குறையவில்லை. ஒன்று மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு ஐந்தரை. விட்டத்தைப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. குறுக்குவெட்டைக் கணக்கிட்டால் பாதிக்கு மேல் காலி. அதற்குத் துணைக்கம்பி போட வேண்டும், நல்ல பகுதியில் இரு பக்கமும் நாற்பது சென்டிமீட்டர் சேர்ந்து ஓட வேண்டும் என்றார் பொறியாளர். ஆக, அந்தக் கம்பியோட்டத்தில் மட்டும் இரண்டடிப் பள்ளம் மூன்றடிக்கு மேல் நீண்டது. “ஓட்டையை அடைக்கிறீர்களா, வளர்க்கிறீர்களா?” என்று கேட்டாள் மனைவி.

கம்பியின் முதுகுப் பக்கத் துருவையும் எடுக்க, விரல் நுழையும் அளவுக்குப் பின்னால் கொத்த வேண்டியிருந்தது. முன்பு பூசியவர்கள் இரண்டு முறையும் தாண்டிப்போனது இந்த இடத்தைத்தான். எனக்கு மணிக்கட்டு மூன்று நாள் வீங்கியது. கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்துத் துத்தநாகப் பூச்சு அடித்தேன்.

கலவையில் அவசரப்பட்டேன். பாலிமர் கலந்த பழுதுக் கலவையை ஒரே மூச்சில் ஒன்றரை அங்குலத்துக்கு அப்பினேன். கரணையை எடுத்த அடுத்த நிமிடம் மொத்தமும் என் தோளில். மறுநாள் கான்கிரீட்டை நனைத்து, மேலீரம் வற்றவிட்டு, புதுக் கலவை ஒட்டுவதற்கான பிணைப்புப் பால் தடவி, அது காய்வதற்குள் அரை அங்குலம் மட்டும் அழுத்தி, சொரசொரப்பாகக் கீறிவிட்டேன். நான்கு நாளில் நான்கு அடுக்கு. தலைக்கு மேலே தண்ணீர் நிற்காது என்பதால் நனைத்த சாக்கைப் பலகை வைத்து அணைத்துப் பத்து நாள் ஈரம் காத்தேன்.

இப்போது தட்டினால் எங்கும் ‘ணங்’. முட்டுகளை இருபத்தெட்டு நாள் எடுக்கவில்லை. அவற்றின் வாடகை கலவைச் செலவைத் தாண்டிவிட்டது. திருப்பிக் கொடுக்கப் போன அன்று, இரண்டுக்கும் நடுவே கட்டியிருந்த துணிக்கொடியை முதலில் அவிழ்க்க வேண்டியிருந்தது.