ஜியோபாலிமர் உரிமம் வாங்கிய கதை: கையெழுத்துப் போடும் முன் உங்கள் சாம்பலை அனுப்புங்கள்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் கான்கிரீட் கல்லின் 28 நாள் பலச் சோதனை ரிசல்ட் வந்தது. சதுர மில்லிமீட்டருக்குச் சராசரி 46 நியூட்டன். எம்-40 (40 நியூட்டன் பலத் தரம்) பேவர் பிளாக், ஒரு கைப்பிடி சிமென்ட்கூட சேர்க்காமல்! சிமென்டுக்குப் பதில் அனல்மின் நிலையச் சாம்பலையும், இரும்பாலைக் கசடான ஸ்லாக்கையும் காரக் கரைசலால் பிணைப்பதுதான் ஜியோபாலிமர். இந்தத் தாளைக் கையில் வாங்க எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. அதில் ஐந்து மாதம் வீணாய்ப் போன மாதம். உங்களுக்கு அது போகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

சேலத்தில் எங்களுக்குச் சின்ன யூனிட். மேட்டூர் அனல்மின் நிலையச் சாம்பல் பக்கத்திலேயே கிடைக்கிறது. வெளி மாநிலத்தில் உள்ள ஓர் அரசு ஆய்வகத்தின் ஜியோபாலிமர் தொழில்நுட்பத்துக்கு விண்ணப்பித்தேன். ரகசியக் காப்பு ஒப்பந்தம், கமிட்டி எல்லாம் மெயிலிலேயே முடிந்தன.

சிக்கல் ஒப்பந்தத்தன்று. இரண்டு இரவு ரயிலில் போய் இறங்கினேன். எங்களுடையது பார்ட்னர்ஷிப். அப்பா விலகி மூன்று வருடம் ஆகிறது. புதிய பத்திரம் எழுதி, ஜிஎஸ்டியிலும் மாற்றியிருந்தோம். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் மட்டும் மாற்றத்தைப் பதியவில்லை. "பதிவுச் சான்றில் இன்னும் உங்கள் அப்பா இருக்கிறாரே, அவர் கையெழுத்து எங்கே?" என்றார் அலுவலர். அவர் கேட்டது சரிதான். ஆனால் அனுப்பச் சொன்ன ஆவணப் பட்டியலில் அந்தச் சான்றே இல்லை. முன்கூட்டி ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாம். அப்படியே திரும்பி வந்தேன். கூட்டாளி மாறியிருந்தால் முதல் வேலையாக அதைப் பதிந்துவிடுங்கள்.

அடுத்தது பணம். தொழில்நுட்பக் கட்டணம், அதன் மேல் 18% ஜிஎஸ்டி. எங்கள் ஆடிட்டர் சொன்னபடி டிடிஎஸ் (வருமான வரிப் பிடித்தம்) பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பினேன். 'தொகை குறைகிறது' என்று கோப்பு ஆறு வாரம் நகரவில்லை. கணக்குப் பிரிவிடம் டிடிஎஸ் பிடிக்கலாமா, கூடாதா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு அனுப்புங்கள்.

இன்னொன்று, காப்புரிமை தேதி. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம்தான் அதன் ஆயுள். எனக்குக் கொடுத்த வரைவில் உரிமம் பத்து வருடம். காப்புரிமைக்கு மீதி இருந்ததோ ஆறு. அது முடிந்தபின் ராயல்டி கிடையாது என்ற வரியைச் சேர்க்கச் சொன்னேன். மறுக்காமல் சேர்த்தார்கள். கேட்காமல் இருந்திருந்தால்?

இத்தனையும் காகிதச் சிக்கல்தான். என்னை நிஜமாகவே உலுக்கியது களத்தில் நடந்தது. ஆய்வகத்தில் அவர்கள் ஊர்ச் சாம்பலில் அழகாக வந்த கலவை, இங்கே மே மாத வெயிலில் பத்தே நிமிடத்தில் இறுகிவிட்டது. மிக்சரை உளி வைத்துக் கொத்தினோம். இரண்டு பேட்ச் குப்பைக்குப் போனது. ஸ்லாக் கூடினால் சூட்டில் சீக்கிரம் இறுகும். குறைத்தால் சாதாரண வெப்பத்தில் பிடிக்கவே நாளாகும். போதாததற்கு எங்கள் ஆட்கள் காஸ்டிக் சோடாவைக் காலையில் கரைத்துச் சூடு ஆறுமுன்பே ஊற்றியிருக்கிறார்கள். கரைசலை முந்தின நாளே போட்டு ஆறவிட வேண்டும்.

அங்கிருந்த விஞ்ஞானி மேடம் மட்டும் இல்லையென்றால் விட்டிருப்பேன். எங்கள் சாம்பலைக் கூரியரில் வரவழைத்து, ஸ்லாக் அளவையும், காஸ்டிக்கோடு கரைசலில் சேரும் சிலிகேட்டையும் மாற்றிக் கொடுத்தார். இதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். நேரில் வந்து உதவுவது எத்தனை முறை என்பதையும் எண் போட்டு எழுதி வாங்குங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் இரண்டு முறைதான்.

இத்தனை பாடு எதற்கு? சிமென்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லை 1450 டிகிரியில் சுட்டு, அரைத்தால் சிமென்ட் ஆகும் கிளிங்கர் கட்டியாக்கும்போது கல்லுக்குள்ளிருக்கும் கார்பன் டை ஆக்சைடே வெளியேறுகிறது. எரிபொருளை மாற்றினாலும் அது நிற்காது. ஜியோபாலிமரில் கிளிங்கரே இல்லை. ஆனால் காஸ்டிக்கும் சிலிகேட்டும் தயாரிப்பதிலும் கார்பன் உண்டு. விலையும் அங்கேதான் ஏறுகிறது. கரைசலை எவ்வளவு குறைத்துப் பலத்தைக் கொண்டுவருகிறோம் என்பதற்குத்தான் நாம் கட்டணம் கட்டுகிறோம்.

நேற்று ஒரு உள்ளாட்சிப் பொறியாளரிடம் மாதிரி கொண்டுபோனேன். சிமென்ட் அளவு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தயங்கினார். கார ஊக்கி கான்கிரீட்டில் (ஜியோபாலிமரும் இந்த வகைதான்) முன்வார்ப்புப் பொருட்கள் செய்வதற்கான ஐஎஸ் 17452:2020 வழிகாட்டியைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிச் சோதனைக்கு அனுப்பச் சொன்னார்.