ஸ்லாபுக்குள் விட்ட குழாய்

“அன்னைக்கு மீட்டிங்லயே இதச் சொல்லியிருந்தா, அந்த ரூமே நமக்குக் கெடச்சிருக்குமே தம்பி?”

நர்சிங் சூப்பிரண்டு சிஸ்டர் கேட்டது இவ்வளவுதான். கோபமாகக் கேட்கவில்லை. அடுத்து பாத்ரூம் டைல்ஸ் வழுக்குகிறது என்றார், நானும் பதில் சொன்னேன். கட்டடத்தை ஒப்படைத்து வேறு சைட்டுக்கும் வந்தாகிவிட்டது. கேள்வி மட்டும் விடவில்லை.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. 2020இல் கொரோனாவுக்காக எல்லையை அடைத்தபோது, எதற்கெடுத்தாலும் கோயம்புத்தூருக்கு ஓடிப் பழகிய நம் ஆட்கள் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் டாக்டர் இதை ஆரம்பித்தார். ஆர்க்கிடெக்ட் கொச்சியில். நான் கான்ட்ராக்டரின் சைட் என்ஜினீயர்.

முதல் மாடி வார்டுக்கு வந்த முதல் டிராயிங்கில், நர்ஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஸ்லூயிஸ் ரூம் இருந்தது. பெட்பேனைக் கொட்டிக் கழுவ, அழுக்குத் துணியைப் போட, கழிவுப் பைகளை வைக்க. 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகள்படி ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பைக்கு, டியூப் சிவப்புக்கு, ஊசி வெள்ளை டப்பாவுக்கு, கண்ணாடி நீலத்துக்குப் போக வேண்டும். மஞ்சளில் போகும் அழுக்குக் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அதுவரையில் அவை எங்கேயாவது இருந்தாக வேண்டும், நோயாளியின் கண்ணிலும் மூக்கிலும் படாமல்.

டாக்டரின் கணக்கு வேறு. ஸ்லூயிஸ் ரூம் இடத்துக்கு ஸ்டோரைத் தள்ளினால், ஸ்டோர் இருந்த இடத்தில் ஒரு சிங்கிள் ரூம் வரும். பேங்க் லோனில் கட்டுகிறவருக்கு ஒரு ரூம் வாடகை சின்ன விஷயமில்லை. அவரைக் கஞ்சர் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வராந்தா அகலம் 2.4 மீட்டர் இருந்தே ஆக வேண்டும், எதிரெதிரே இரண்டு டிராலி வந்தால் உரசாமல் போக வேண்டும் என்று ஆர்க்கிடெக்டிடம் மல்லுக்கு நின்றவர் அவர்தான்.

அந்த மீட்டிங்கில் சிஸ்டர் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். “அப்ப பெட்பேனை எங்க டாக்டர் கொட்டறது?”

“பேஷண்ட் டாய்லெட்லயே கொட்டலாமே சிஸ்டர். இப்ப பழைய எடத்துல அப்படித்தானே பண்றீங்க?”

அது உண்மை. பழைய கிளினிக்கில் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. அதனால் சிஸ்டர் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். ஆர்க்கிடெக்ட் லேப்டாப்பைப் பார்த்தபடியே, டாக்டருக்கு அதுதான் வசதி என்றால் மாற்றிவிடலாம் என்றார். என் ஓனர் பக்கத்தில் இருந்தார். நான் எதுவும் சொல்லவில்லை.

திருத்திய ஆர்க்கிடெக்சர் டிராயிங் சீக்கிரமே வந்துவிட்டது. கம்பி, கான்கிரீட் வேலைக்கான ஸ்ட்ரக்சுரல் டிராயிங் மட்டும் மாறாமல் பழையபடியே இருந்தது. ஸ்லூயிஸ் ரூம் குழாய்களுக்கான மூன்று ஓப்பனிங், அவற்றைச் சுற்றிப் போட வேண்டிய கூடுதல் கம்பி, எல்லாம் அதில் அப்படியே. இந்த மாதிரி இரண்டு டிராயிங் ஒத்துப்போகாவிட்டால் போன் போட்டுக் கேட்பதுதான் என் வழக்கம். இதற்குக் கேட்கவில்லை. கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் பிளம்பரைக் கூப்பிட்டு, பின்னால் குழாய் விட வழியாக மூன்று ஸ்லீவ், அதாவது குழாய்த் துண்டு, வைக்கச் சொன்னேன்.

“இங்க ஸ்டோர்னுல்ல சார் போட்டிருக்கு?”

“ஸ்ட்ரக்சுரல்ல இருக்கு, வைங்க.”

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கான்கிரீட் உள்ளே இறங்காமல் சாக்கை அடைத்து டேப் சுற்றினார். பின்னால் மூடி போட்டு, மேலே டைல்ஸும் ஒட்டியாகிவிட்டது.

ஏன் செய்தேன் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. ஸ்லாப் 150 மில்லிமீட்டர் கனம். ஆஸ்பத்திரி ஓட ஆரம்பித்த பிறகு அதில் 110 மில்லிமீட்டர் குழாய்க்கு ஓட்டை போடுவதென்றால் கோர் கட்டிங் மெஷின் வர வேண்டும். கம்பி அறுபடலாம். ஓட்டையைச் சுற்றி அடைத்த இடத்தில் கசிவு வந்தால் கீழே ஓ.பி.யில் சொட்டும். தூசி இன்னும் மோசம். இடிக்கிற தூசியோடு ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் கிளம்பும். எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளிக்கு அது நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. இவ்வளவையும் தவிர்க்க மூன்று துண்டு குழாய் போதும் என்றால் வைக்காமல் எப்படி இருப்பது? என்றைக்காவது அந்த ரூம் வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள் என்று நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன்.

கட்டடத்தை ஒப்படைக்கும்போது, சிஸ்டர் சந்தோஷப்படுவார் என்றுதான் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

மீட்டிங்கில் கான்ட்ராக்டரின் ஆள் எதைப் பேசலாம் என்பதற்கு ஒரு எல்லை உண்டு. சிமெண்ட், ரேட், தேதி. எந்த ரூம் எங்கே வர வேண்டும் என்று நான் வாய் திறந்தால் ஆர்க்கிடெக்டுக்கு நான் பாடம் எடுப்பதுபோல் இருக்கும். பில் பாஸாக வேண்டிய நேரத்தில் இவன் ஏன் கிளையன்டைப் பகைக்கிறான் என்று ஓனர் நினைப்பார். அவர் நினைப்பதில் நியாயமும் இருக்கிறது, அந்த பில்லில்தான் முப்பது பேருக்குக் கூலி. தவிர, பெட்பேனைப் பற்றி எனக்கென்ன தெரியும்? தெரிந்தவர் சொன்னார், எடுபடவில்லை.

இப்படி எனக்கு நானே சொல்லி முடிக்கும்போதுதான் வேறொன்று உறுத்துகிறது. பெட்பேன் எங்கே போகும் என்று சிஸ்டருக்குத் தெரியும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஸ்லாபில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். டாக்டருக்கு இரண்டாவது தெரியாது. அது அப்போதே தெரிந்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? வராந்தாவுக்காகச் சண்டை போட்ட மனுஷன். ஒரே மேஜையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம், பாதிதான் அவர் காதில் விழுந்தது.

ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கரை நினைத்துக்கொள்வேன். அவர் மனைவி எலிசபெத் டாக்டர். இமயமலைப் பக்கம் பித்தோராகட்டிலும், 1960களில் கேரளத்துக்கு வந்த பிறகு வாகமணிலும், கட்டுகிறவரும் வைத்தியம் பார்க்கிறவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். நமக்கு அது வாய்க்காது. மூன்று பேர் மூன்று ஊரில், நடுவில் ஒரு அக்ரிமெண்ட். அதில் நர்ஸ் கையெழுத்துப் போடுவதில்லை.

ஆனால் பேசியிருந்தால் மட்டும்? டாக்டர் அந்த இடத்திலேயே வேண்டாம் என்று முடித்திருக்கலாம். மினிட்ஸில் ஏறியிருக்கும், ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கும் மாறியிருக்கும், ஸ்லீவும் இருந்திருக்காது. பேசாமல் இருந்ததால்தான் குழாயாவது மிஞ்சியது. இதை நான் முழுசாக நம்புகிற நாட்களும் உண்டு. அந்தக் குழாயோ இன்றைக்கும் ஸ்டோர் ரூம் டைல்ஸுக்கு அடியில் சும்மாதான் கிடக்கிறது. பெட்பேன், பார்க்க வந்தவர்கள் நிற்கிற வராந்தா வழியாகத்தான் போகிறது. கடைசியாகக் கொடுத்த டிராயிங்கில் மூன்று ஓப்பனிங்கையும் குறித்திருக்கிறேன், யாரும் கேட்கவில்லை. டாக்டரிடம் நான் நேரில் சொல்லவுமில்லை. பணம் கொடுப்பவர் வேண்டாம் என்றதை அவருக்குத் தெரியாமல் அவர் கட்டடத்திலேயே வைத்திருக்கிறேன். நல்லதுக்குத்தான் என்றாலும், அவர் இடத்தில் இருந்தால் எனக்கு அது பிடித்திருக்காது.

இப்போது பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் ஒரு சின்ன டயாலிசிஸ் சென்டர் வேலை. செங்கல் வைப்பதற்கு முன்னால் ஸ்லாப் மேலேயே சுண்ணாம்புக் கோடு போட்டுச் சுவரையும் கதவையும் காட்டி, அங்கே வேலை பார்க்கப்போகிற நர்சுகளைக் கூப்பிட்டு ஒரு கட்டிலைத் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். 1.2 மீட்டர் கதவில் கட்டில் நேராக நுழைந்தது. வராந்தாவிலிருந்து திருப்பி நுழைக்கத்தான் முடியவில்லை. ஸ்டாண்டில் சலைன் தொங்கினால் இன்னும் கஷ்டம் என்று ஒரு பெண் செய்தே காட்டினார். ஆர்க்கிடெக்ட் அங்கேயே கதவை 1.5 மீட்டராக்கினார். நான் ஒன்றுமே பேச வேண்டியிருக்கவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதி சரிதானா என்று தெரியவில்லை.

அன்றைக்கு அரை நாள் வேலை நின்றது. கூலியை எதில் எழுதுவது என்று மேஸ்திரி கேட்டார். பில்லில் அதற்கென்று ஒரு வரி கிடையாது. இதர செலவில் எழுதினேன். ஓனர் அதை அடித்துவிட்டு, கிளையன்டிடம் கேட்கச் சொல்லி எழுதி அனுப்பியிருக்கிறார். திங்கட்கிழமை மீட்டிங். நான்தான் கேட்க வேண்டும்.