ஒரே பேச்சு, இரண்டு பதிவுகள்

கடும் சர்ச்சைக்குரிய கேள்விக்கு வேட்பாளர் சொல்லும் பதிலை உள்ளூர்ச் செய்தித்தாள் எப்படி எழுத வேண்டும் என்ற யோசனை எழும்போதெல்லாம், என் மனம் 1858ஆம் ஆண்டின் இல்லினாய் மாநிலத்துக்குப் போய்விடுகிறது. அமெரிக்க செனட் பதவிக்காக குடியரசுக் கட்சியின் ஆபிரகாம் லிங்கனும் ஜனநாயகக் கட்சியின் ஸ்டீபன் டக்ளஸும் அங்கே ஆகஸ்ட் 21 முதல் அக்டோபர் 15 வரை ஏழு ஊர்களில் நேருக்கு நேர் வாதிட்டார்கள். இன்னும் மாநிலமாகாத புதிய ஆட்சிப்பகுதிகளில் அடிமை முறை பரவலாமா, கூடாதா என்பதே ஏழு மேடைகளிலும் முதன்மையான கேள்வி.

சிகாகோவின் இரண்டு நாளிதழ்கள் சுருக்கெழுத்தாளர்களை அனுப்பிப் பேச்சுகளை முழுமையாக வெளியிட்டன. ஆனால் குடியரசுக் கட்சியைச் சார்ந்த ‘பிரஸ் அண்ட் ட்ரிப்யூன்’ இதழில் சீராக ஓடும் லிங்கனின் பேச்சு, ஜனநாயகக் கட்சியைச் சார்ந்த ‘டைம்ஸ்’ இதழில் வாக்கியம் முறிந்து, பொருள் குழம்பிக் கிடக்கும். எதிரணிப் பேச்சைத் திரிப்பதாக இரு இதழ்களும் ஒன்றையொன்று குற்றம் சாட்டின.

இருந்தும் கட்சிப் பற்று நல்ல வேலையையும் செய்தது. இல்லினாயின் ஒட்டாவா நகரில் டக்ளஸ் சில தீவிரமான தீர்மானங்களை வாசித்து, அவை 1854இல் ஸ்பிரிங்ஃபீல்டு கூட்டத்தில் லிங்கன் தரப்பினர் நிறைவேற்றியவை என்றார். அவை ஸ்பிரிங்ஃபீல்டில் நிறைவேற்றப்பட்டவையே அல்ல, கேன் மாவட்டக் கூட்டம் ஒன்றில் நிறைவேறியவை என்பதைச் சில நாட்களிலேயே ‘பிரஸ் அண்ட் ட்ரிப்யூன்’ வெளிப்படுத்தியது. ஒரு நிலைப்பாட்டை யார், எங்கே, எப்போது ஏற்றார்கள் என்று மூலத்தைத் தேடிப் பார்க்கும் இந்தப் பழக்கத்தையே நான் இதழியலின் உயிராகக் கருதுகிறேன்.

இதே அளவுகோலை நமக்குப் பிடித்த தலைவருக்கும் வைத்தாக வேண்டும். ஜூலை 10 அன்று சிகாகோவில் இந்த இனம், அந்த இனம் என்ற பேச்சையெல்லாம் விட்டுவிட்டு எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று முழங்குவோம் என்ற லிங்கன், செப்டம்பர் 18 அன்று சார்ல்ஸ்டனில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையே சமூக, அரசியல் சமத்துவம் ஏற்படுத்துவதைத் தாம் ஆதரிக்கவில்லை என்றார். கேல்ஸ்பர்க் மேடையில் டக்ளஸ் இவ்விரு பேச்சுகளையும் அருகருகே வைத்துக் காட்டினார். தமது சொற்களில் முரண்பாடு இல்லை என்று லிங்கன் மறுத்தார். அச்சில் ஏறிய முழுப் பேச்சுகள் இல்லாதிருந்தால், ஓர் ஊரில் சொன்னதை அடுத்த ஊர் வாக்காளர் எப்படி ஒப்பிட்டிருப்பார்? ‘ஆதரிக்கிறார்’, ‘எதிர்க்கிறார்’ என்ற ஒற்றைச் சொல் தலைப்பில் இத்தகைய வேறுபாடு அடியோடு மறைந்துவிடும் என்பதுதான் என் கவலை.

அந்தத் தேர்தலில் வாக்காளர்கள் செனட்டரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. மாநிலச் சட்டமன்றம் டக்ளஸைத் தேர்ந்தெடுத்தது. தோற்ற லிங்கன் நாளிதழ் நறுக்குகளைச் சேகரித்து ஒட்டிவைத்தார்: தம் பேச்சைத் தம் கட்சி சார்ந்த இதழிலிருந்தும், டக்ளஸின் பேச்சை டக்ளஸின் கட்சி சார்ந்த இதழிலிருந்தும் எடுத்தார். அந்தத் தொகுப்பு 1860இல் நூலாக வந்தபோது, சார்ல்ஸ்டனில் அவர் பேசியதும் அதில் இடம்பெற்றிருந்தது.