சியாட்டில் மைதானத்தில் வெட்டுக்கிளியும் வேர்க்கடலையும்

அமெரிக்காவின் பேஸ்பால் அணிகள் ஒவ்வொரு வசந்தத்திலும் இரண்டு பட்டியல்களை வெளியிடுகின்றன. அணியில் யார் யார் ஆடப்போகிறார்கள் என்பது ஒரு பட்டியல்; மைதானத்தில் அந்த ஆண்டு புதிதாக என்னென்ன சாப்பிடக் கிடைக்கும் என்பது இன்னொன்று. சியாட்டில் மரினர்ஸ் அணியின் ரசிகர்கள் இந்த இரண்டாவது பட்டியலைப் பற்றியும், பந்து வீசும் பிட்சர்களைப் பற்றிப் பேசும் அதே தீவிரத்தோடு வாதாடுகிறார்கள் என்பதை, அந்நகரின் டி-மொபைல் பார்க் மைதானத்துக்கு ஆட்டம் பார்க்கப் போன மாலையில் அறிந்துகொண்டேன்.

இந்த மைதானம் 1999 ஜூலையில் திறக்கப்பட்டது. 2018 வரை இதன் பெயர் சேஃப்கோ ஃபீல்ட். மழைக்குப் பெயர்போன ஊர் என்பதால், தேவைப்படும்போது நகர்ந்து வந்து மூடிக்கொள்ளும் பெரிய கூரை இதற்கு உண்டு. ஆனால் பக்கங்கள் திறந்தே இருப்பதால், கூரை மூடியிருந்தாலும் கடற்காற்று உள்ளே வரும், அருகிலுள்ள தண்டவாளத்தில் போகும் ரயிலின் ஊதலும் கேட்கும். நகர ரயிலில் ஸ்டேடியம் நிலையத்தில் இறங்கி நடந்தால், மைதானம் கண்ணில் படுவதற்கு முன்பே வதக்கிய வெங்காயத்தின் மணம் வந்துவிடுகிறது. நீள ரொட்டிக்குள் சாசேஜ் வைத்த ஹாட் டாக்கில் க்ரீம் சீஸ் தடவி, அதன்மேல் வதக்கிய வெங்காயத்தைப் பரப்பித் தருவது இந்த ஊரின் வழக்கம். 1980களின் இறுதியில் பயனியர் ஸ்கொயர் பகுதியின் தள்ளுவண்டி ஒன்றில் தொடங்கியது, இன்று ஊர்ப் பெயரையே தாங்கி ‘சியாட்டில் டாக்’ ஆகிவிட்டது. சாலையோரத்தில் இதையும் வேர்க்கடலைப் பைகளையும் விற்கிறார்கள். வெளியே வாங்கிய உணவை உள்ளே எடுத்துச்செல்ல இந்த மைதானம் அனுமதிக்கிறது என்பதைப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நான் கேட்ட வாதங்களில் பாதி அந்த அனுமதியைச் சுற்றியே நடந்தது.

எங்கள் வரிசையில் அமர்ந்திருந்த முதியவர், மரினர்ஸ் அணி 1977-இல் கிங்டோம் என்ற பழைய அரங்கில் ஆடத் தொடங்கிய காலத்திலிருந்தே ஆட்டங்களைப் பார்த்து வருபவர். அவருடன் மகளும் பள்ளி வயதுப் பேரனும் வந்திருந்தார்கள். வெளியூர்க்காரன் என்று தெரிந்ததும் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “சாப்பிட என்ன வாங்கினீர்கள்?” என்பதுதான். இன்னும் ஒன்றும் வாங்கவில்லை என்றேன். மகள் ஒன்றைச் சொல்ல, அவர் வேறொன்றைச் சொல்ல, பின்வரிசையில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

முதியவரின் கட்சி எளிமையானது. பார்வை களத்தை விட்டு அகலாமல் கையால் சாப்பிட முடிகிற எதுவும் மைதான உணவு. மடியில் தட்டு வைத்து, முள்கரண்டியால் குனிந்து சாப்பிட வேண்டிய எதுவும் மைதான உணவு அல்ல. ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் அரங்கமே எழுந்து நின்று பாடும் பழைய பாட்டில்கூட வேர்க்கடலைதான் வருகிறது என்று அவர் சொன்னபோது, பேரன் அதைப் பலமுறை கேட்டவனாகத் தலையசைத்தான். அவருடைய இன்னொரு வாதம் எனக்கு வலுவானதாகப் பட்டது. 2023-ஆம் ஆண்டு முதல் பிட்சர் பந்து வீசுவதற்குக் கால அளவு விதிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு சராசரியாக மூன்று மணி நேரத்துக்கும் சற்று அதிகமாக நீடித்த ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம், அந்த விதி வந்ததும் இரண்டு மணி நாற்பது நிமிடங்களுக்குச் சுருங்கியது. முன்பு ஒரு பிட்சர் கையுறையைச் சரிசெய்து, மண்ணைக் காலால் கிளறி, மூச்சுவிட்டு நிற்கும் நேரத்தில் போய் வாங்கி வந்துவிடலாம்; இப்போது ஒரு நீண்ட வரிசையில் நின்று திரும்பினால் ஒரு முழு இன்னிங்ஸ் போய்விடும். புதிய உணவு என்றாலே புதிய வரிசை என்பது அவருடைய கணக்கு.

மகள் இதை ஏற்கவில்லை. ஒரு பருவத்தில் சொந்த மைதானத்தில் மட்டும் 81 ஆட்டங்கள் நடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வருபவர்கள் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஹாட் டாக்கையே சாப்பிட முடியாது என்றார். இந்த ஊரின் உணவகங்கள் மைதானத்துக்குள் கடை வைப்பதை அவர் பெருமையாகவே நினைக்கிறார். 1938-இல் கடற்கரையில் தொடங்கிய ஐவர்ஸின் சிப்பி சூப்பும் மீன் வறுவலும் உள்ளே கிடைக்கின்றன. மேற்கு சியாட்டிலில் பிறந்த மோட்டோவின் சதுரப் பீட்சா 2023-இல் வந்து சேர்ந்தது. “என் ஊரில் என்ன சாப்பிடுகிறார்களோ, அது என் அணி ஆடும் இடத்திலும் கிடைக்க வேண்டும்” என்று அவர் சொன்னதை முதியவரும் மறுக்கவில்லை. வரிசையை மட்டும்தான் மறுத்தார்.

பிறகு பேச்சு வெட்டுக்கிளிக்கு வந்தது. பேரன் அதற்காகவே காத்திருந்தான்.

மெக்சிகோவின் வாஹாகா பகுதியில் வெட்டுக்கிளியை வறுத்து, எலுமிச்சையும் உப்பும் மிளகாயும் சேர்த்துச் சாப்பிடுவது மிகப் பழைய வழக்கம். அங்கே அதன் பெயர் சாப்புலீன். சியாட்டிலின் கேபிடல் ஹில் பகுதியிலுள்ள போகிட்டோஸ் என்ற மெக்சிகன் உணவகம் 2017-ஆம் ஆண்டு பருவத்தின் தொடக்கத்தில் இதைச் சிறு கோப்பையில் போட்டு, 4 டாலருக்கு மைதானத்தில் விற்கத் தொடங்கியது. முதல் மூன்று ஆட்டங்களில் 901 கோப்பைகள் தீர்ந்துபோயின. உணவகம் ஓராண்டில் விற்பதைவிட இது அதிகம் என்பதால், அவசரமாக மேலும் வரவழைக்க நேர்ந்தது. அதன் பிறகு ஓர் ஆட்டத்துக்கு 312 கோப்பைகள்தான் என்று வரம்பு வைத்தார்கள். இந்த அணிக்காக மட்டுமே 1987 முதல் 2004 வரை ஆடிய எட்கர் மார்ட்டினெஸின் வாழ்நாள் பேட்டிங் சராசரி .312 என்பதுதான் அதற்குக் காரணம்; பேஸ்பாலில் இது, மட்டை பிடித்த முறைகளில் எத்தனை முறை பந்தை அடித்து ஓடித் தளத்தை எட்டினார், அதாவது ‘ஹிட்’ அடித்தார் என்ற விகிதம். மைதானத்தை ஒட்டிய சாலைக்கே அவர் பெயர் இருக்கிறது. 2019-இல் அவர், மிகச் சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்.

பின்வரிசையில் இருந்த ஒருவர், இது செய்தித்தாளில் வருவதற்காகச் செய்யப்பட்ட விளம்பரம் என்றார். ஒருமுறை வாங்கிப் படம் எடுப்பவர்கள் இரண்டாம் முறை வாங்குவதில்லை என்பது அவர் கருத்து. மகள், பல ஆண்டுகளாக விற்றுக்கொண்டிருக்கும் ஒன்றை விளம்பரம் என்று எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டார். பேரனோடு நானும் போய் ஒரு கோப்பை வாங்கி வந்தேன். மொறுமொறுவென்று, முதலில் புளிப்பும் பிறகு காரமும் ஏறி, கடைசியில் பருப்பு வறுத்த வாசத்தோடு முடிகிறது. எங்கள் ஊரில் முதல் மழை பெய்த இரவில் விளக்கடியில் விழும் ஈசலைப் பிடித்து, இறகு நீக்கி, பச்சரிசியோடு சேர்த்துப் பாட்டி வறுத்துத் தருவார். வாயில் போட்டதும் எனக்கு வந்தது அந்தச் சுவைதான். ஈசலைப் பற்றி நான் சொன்னதும் முதியவர் கையை நீட்டி, இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவருடைய விதிப்படி பார்த்தாலும் வெட்டுக்கிளி தேறிவிடுகிறது: பார்வை களத்திலிருந்து விலகாமல் கையால் சாப்பிடலாம்.

புதியது, பழையது என்று பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இன்று எல்லா மைதானங்களிலும் பழம்பெருமையோடு விற்கும், சோளச் சிப்ஸின்மேல் சீஸ் ஊற்றிய நாச்சோவே, 1976-இல் டெக்சஸின் ஆர்லிங்டன் மைதானத்தில் அறிமுகமானபோது புதுமைதான். சீஸைப் பம்பிலிருந்து ஊற்றித் தருவதால் வரிசை வேகமாக நகர்ந்தது, அதனால் நிலைத்தது. அதே டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணி 2012-இல் இரண்டு அடி நீள ஹாட் டாக்கை 26 டாலருக்கு விற்றதையும் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். அளவைக் கண்டு வியப்பதைத் தவிர அதில் பேச வேறொன்றும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சியாட்டிலில் இச்சிரோ சுசூகி 2001-இல் ஜப்பானிலிருந்து வந்து ஆடத் தொடங்கிய பிறகு, அவர் பெயரைச் சேர்த்து ‘இச்சிரோல்’ என்ற காரமான சூரைமீன் சுஷியை மைதானத்தில் விற்றார்கள். பேஸ்பால் மைதானத்தில் பச்சை மீனா என்று அன்று முகம் சுளித்தவர்களில் தானும் ஒருவர் என்று முதியவரே சொன்னார். இச்சிரோ 2004-இல் ஒரே பருவத்தில் 262 ஹிட் அடித்துச் சாதனை படைத்தார், 2025-இல் புகழ் மண்டபத்துக்குள் நுழைந்தார். இந்த ஊரில் சுஷியை இன்று யாரும் வாதத்துக்கு இழுப்பதில்லை. அந்த ஊரில் வாழ்பவர்களிடமிருந்தும் அந்த அணிக்கு ஆடியவர்களிடமிருந்தும் வந்த உணவு தங்கிவிடுகிறது என்றே நான் நம்புகிறேன்.

ஆனால் அன்றைய வாதத்தில் எல்லோரையும் ஒரே பக்கம் நிறுத்தியது விலை. நான்கு பேர் குடும்பமாக வந்து, உள்ளேயே பசியாறிப் போவது எந்தப் பெரிய அணியின் மைதானத்திலும் சிறிய செலவு அல்ல. பின்வரிசைக்காரர் மிகுந்த கவலையோடு பேசியது இதைப் பற்றித்தான்: புதிய உணவு ஒவ்வொன்றும் வரவேற்கத்தக்கதே, ஆனால் அது வரும்போது சாதாரண ஹாட் டாக்கின் விலையும் கூடவே ஏறிவிடக் கூடாது. ஃபிலடெல்ஃபியாவில் ஒரு டாலருக்கு ஹாட் டாக் விற்ற இரவுகளை, 2023-இல் கூட்டத்தினர் அவற்றைத் தூக்கி எறிந்து கலாட்டா செய்த பிறகு, 2024-இல் நிறுத்திவிட்டார்கள் என்பதை அவர் உண்மையான வருத்தத்தோடு சொன்னார். சியாட்டிலில் சில டாலருக்குள் அடங்கும் பொருள்களைக் கொண்ட குறைந்த விலைப் பட்டியல் ஒன்று தனியாக இருப்பதையும், வெளி உணவு அனுமதியையும் அவர் மனமாரப் பாராட்டினார். என் பார்வையிலும் புதிதாக வரும் எந்த உணவையும்விட இந்த இரண்டும் முக்கியமானவை. இவை இருக்கும்வரை, உள்ளே எதை வாங்குவது என்பதை விருப்பம் தீர்மானிக்கும், பசி தீர்மானிக்காது.

போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். வேர்க்கடலையைச் சாலையோரத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். நுழைவாயில்கள் ஆட்டத்துக்கு வெகுநேரம் முன்பே திறந்துவிடுவதால், நீண்ட வரிசை உள்ள கடைகளுக்கு முதல் பந்து வீசப்படுவதற்கு முன்பே போய்விடுங்கள். பூண்டு தூவிய உருளைக்கிழங்கு ஃப்ரைஸை மட்டும் சூடு ஆறுவதற்குள் தின்றுவிட வேண்டும் என்பதால், அதை மூன்றாவது இன்னிங்ஸ் வரை ஒத்திவைக்கலாம். வெட்டுக்கிளிக்கு அளவு உண்டு, எனவே அதைத் தள்ளிப்போட வேண்டாம். எட்டாவது இன்னிங்ஸில் முதியவர் தனக்கென்று ஒரு கோப்பை வாங்கிவரப் பேரனை அனுப்பினார், தீர்ந்துவிட்டது என்று அவன் வெறுங்கையோடு திரும்பினான்.