வாணலியில் வறுத்த மணல்

காலை ஆறு மணிக்கு எங்கள் ஆய்வகத்தில் அடுப்பில் வாணலி ஏறிவிடும். அதில் வறுபடுவது மணல். சிங்கப்பூரில் துவாஸ் பக்கம், கான்கிரீட்டைக் கலந்து லாரியில் சைட்டுக்கு அனுப்பும் ஒரு ரெடிமிக்ஸ் பிளான்ட்டில் தரக்கட்டுப்பாட்டு வேலை எனக்கு. மணலில் எவ்வளவு ஈரம் என்று பார்க்கத்தான் இந்த வறுவல். ஈர மணலில் 500 கிராம் நிறுத்து எடுத்து வறுக்க வேண்டும். முதலில் கட்டி கட்டியாகக் கரண்டியில் ஒட்டும். பிறகு நிறம் வெளுத்து உதிரும், கிளறும் சத்தம் சரசரவென்று மாறும். அப்போதும் இறக்க மாட்டேன். ஒரு கண்ணாடித் துண்டை மேலே பிடித்துப் பார்ப்பேன். கண்ணாடியில் ஆவி படியாவிட்டால்தான் தராசுக்கு எடுத்துப்போவேன். 472 கிராம் நின்றால், போன தண்ணீர் 28 கிராம். காய்ந்த மணலின் எடையில் அது ஏறக்குறைய 6 சதவீதம்.

பத்து நிமிட வேலைதான். ஒரு டிசம்பரில் பட்ட பிறகுதான் அதன் மதிப்பு எனக்குத் தெரிந்தது.

ஊரில் டிப்ளமோ படித்தபோது கான்கிரீட் கணக்கென்றால் 1.54தான். உலர்ந்த ஜல்லிக்கு நடுவே சந்து இருக்கும். கலக்கும்போது அதில் மணல் இறங்கும், மணலின் சந்தில் சிமெண்ட் இறங்கும். அதனால் 1 கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 1.54 கன மீட்டர் உலர் பொருள் வேண்டும். சிமெண்ட், மணல், ஜல்லி 1:1.5:3 கலவை என்றால் மொத்தம் 5.5 பங்கு. 1.54-ஐ 5.5-ஆல் வகுத்தால் 0.28 கன மீட்டர் சிமெண்ட். ஒரு கன மீட்டர் சிமெண்ட் 1440 கிலோ என்று அதால் பெருக்கினால் 403 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் எட்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இங்கே வந்தால் அந்த 1.54-க்கு வேலையே இல்லை. எல்லாம் எடைக் கணக்கு. ஒவ்வொரு பொருளின் எடையையும் அதன் அடர்த்தியால் வகுத்து, எல்லாக் கன அளவும் சேர்ந்து சரியாக 1 கன மீட்டர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நான் முதலில் போட்ட கலவை இன்னும் நினைவிருக்கிறது. சிமெண்ட் 380 கிலோ, தண்ணீர் 171, மணல் 716, ஜல்லி 1095, காற்றுக்கு 2 சதவீதம். தண்ணீர் சிமெண்ட் விகிதம் 0.45. கூட்டிப் பார்த்து 1 வந்தபோது அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் அந்த 716 கிலோ எந்த மணல்? உள்ளே ஊறி நிறைந்து, மேற்பரப்பு மட்டும் காய்ந்திருக்கும் மணல். அப்படி ஒரு மணல் தாளில் உண்டு, யார்டில் கிடையாது. யார்டில் இருப்பது மழையில் நனைந்த குவியல்.

அந்த டிசம்பரில் இரவு முழுக்கக் கொட்டியது. காலையில் சைட்டில் பெரிய ஸ்லாப், லாரிகள் வரிசையில் நின்றன. அவசரத்தில் நான் முந்தைய நாள் ஈரப்பதத்தையே, 3 சதவீதத்தை, கணினியில் விட்டுவிட்டேன். கூம்பில் நிரப்பிய கான்கிரீட், கூம்பைத் தூக்கியதும் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் ஸ்லம்ப். 125 மில்லிமீட்டர் ஸ்லம்ப் கேட்ட சைட்டில் கூம்பைத் தூக்கியதும் கான்கிரீட் தட்டையாகப் படுத்துக்கொண்டது. இரண்டு லாரி திரும்பி வந்தது.

பொருள்களை நிறுத்துக் கலக்கும் பேட்சிங் அறையில் இருந்த அண்ணன் தஞ்சாவூர்க்காரர், இந்த வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருப்பவர். என்னைத் திட்டவில்லை. யார்டுக்குக் கூட்டிப்போய் ஒரு பிடி மணலை அள்ளி இறுக்கி, கையை விரித்துக் காட்டினார். மணல் உருண்டையாக நின்றது, உள்ளங்கை நனைந்திருந்தது. “ராத்திரி பூரா பேஞ்சிருக்கு தம்பி. நேத்து நம்பரை ஏன் போட்டீங்க?”

அன்று இரவு டார்மிட்டரியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இந்த மணல் தனக்குள் உறிஞ்சி வைத்துக்கொள்வது 1 சதவீதம், அது கலவைக்குள் இறங்காது. மேலே ஒட்டியிருக்கும் மீதிதான் இறங்கும். அந்த அளவைக் கலவைத் தண்ணீரில் கழிக்க வேண்டும். நான் கழித்தது 2 சதவீதத்துக்கு, உண்மையில் இருந்தது 5. ஒரு கன மீட்டருக்கு 21 லிட்டர் கூடுதல் தண்ணீர். லாரியில் 6 கன மீட்டர், ஆக 125 லிட்டருக்கு மேல். விகிதம் 0.45-இலிருந்து 0.5-ஐத் தாண்டிவிட்டது. அந்த ஸ்லாப்பில் அது போயிருந்தால் வலிமை பார்க்க எடுத்து வைத்த கான்கிரீட் கியூபை 28-ஆம் நாள் உடைக்கும் வரை யாருக்கும் தெரிந்திருக்காது. திருப்பி அனுப்பிய சைட்காரர்களுக்கு இன்றும் மனதில் நன்றி சொல்கிறேன்.

வீணான பொருளும் உறுத்தியது. சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் கல் வெட்டுவது 1999-உடன் நின்றுவிட்டது. 2007 தொடக்கத்தில் இந்தோனேசியா மணல் ஏற்றுமதியைத் தடை செய்தபோது இங்கே கட்டுமானமே தடுமாறியது என்று அண்ணன் சொல்வார். கல்லும் மணலும் கடல் கடந்து வரும் ஊர் இது. மணல் வரும் இடம் மாறினால் அது உறிஞ்சும் அளவும் மாறும், அதையும் புதிதாகச் சோதிக்க வேண்டும்.

போன மாதம் தம்பி புதுக்கோட்டையிலிருந்து வாட்ஸ்அப்பில் கேட்டான். வீட்டுக்குத் தளம் போடுகிறோம், ஆயிரம் சதுர அடி, ஐந்து இன்ச், சிமெண்ட் எத்தனை மூட்டை? 11.8 கன மீட்டர், 95 மூட்டை என்று பழைய 1.54 கணக்கிலேயே சொன்னேன். பிறகு கேட்டேன், “மணல் எப்படிடா அளக்குறாங்க?”

“சட்டியிலதான். ஏன்?”

அதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. எடை போட்டால் ஈர மணல் தண்ணீரைக் கூட்டிவிடும். சட்டியில் அளந்தால் வேறு விதமாக ஏமாற்றும். லேசான ஈரத்தில் மணல் உப்பிக்கொள்ளும், சில மணல் கால் பங்கு வரைகூட. சட்டி நிறைந்திருக்கும், உள்ளே மணல் குறைவாக இருக்கும். எப்படி அளந்தாலும் குறைவது மணல்தான். உப்பலுக்குச் சேர்த்துப் போடச் சொல்லு, தண்ணீரைக் குறைக்கச் சொல்லு, மேஸ்திரியிடம் மரியாதையாகப் பேசு என்றேன்.

அரை மணி நேரம் கழித்து ஒரு படம் வந்தது. மேஸ்திரியின் விரித்த உள்ளங்கை, அதில் உடையாமல் நிற்கும் ஒரு மணல் உருண்டை. கீழே தம்பி எழுதியிருந்தான்: “இதுக்கு எவ்வளவுண்ணே சேர்க்கணும்?”