தகரத்துக்கு அந்தாண்ட என்ன ரோலர் கோஸ்டர் வருது? என்னோட கணக்கு

மதுர பக்கம் திருமங்கலம் தாண்டி இருக்கற அந்த தீம் பார்க்குல (பேரு வேணாம், பஸ்ல போறவய்ங்களுக்கே தெரியும்) பின்பக்க எடத்த பூரா தகரத்தால அடைச்சு பைலிங் மெஷின (அஸ்திவாரத் தூணுக்கு ஆழமா துளை போடுறது) எறக்கிட்டாய்ங்க, வாசல்ல "விரைவில்"னு ஒரு ஃப்ளெக்ஸ், அதுல நாலு பேரு தலைகீழா தொங்கிக்கிட்டு வாயப் பொளந்து கத்துறாய்ங்க, அவ்வளவுதான், எங்க செட்டுக்கு தூக்கம் போச்சு. ஒருத்தன் இன்வெர்ட்டட் கோஸ்டர்ங்கறான், ஒருத்தன் பூமராங்ங்கறான், எங்க பங்காளி அதுக்கும் ஒரு படி மேல போயி மகாராஷ்டிராவுல இமேஜிகா பார்க்குல இருக்கற நைட்ரோ கோஸ்டர விடப் பெருசு வருதுன்னு டீக்கடையில சத்தியமே பண்றான். எப்படிடா சொல்றன்னு கேட்டா "அம்புட்டு பெரிய மெஷினு சும்மாவா வரும், பெரிய ரைடுக்குத்தேன்"ங்கறான்.

எனக்கு அங்கதான் ஒத்துக்க முடியல. ஃப்ளெக்ஸ விடுங்க, அது டிசைன் பண்ற பையன் நெட்ல எடுத்து ஒட்டுன படம், அத வச்சு எதையும் சொல்ல முடியாது. ஆனா பைலிங் மெஷின் மேட்டர் வேற. நான் கட்டட சைட்டுல சூப்பர்வைசரா இருக்கறவன், அதனால சொல்றேன், அந்த மெஷின் வந்தது ரைடோட உயரத்துக்காகன்னு எடுத்துக்கக் கூடாது, மண்ணுக்காக வந்துருக்கலாம். அந்தப் பக்கம் கல்லுப்பட்டி வரைக்கும் கரிசல்தான். மழை பேஞ்சா உப்பும், சித்திரை வெயிலுக்கு கை நுழையுற அளவு வெடிக்கும். அதுல செம்மண்ணுல போடுற மாதிரி சும்மா குழி தோண்டி ஃபுட்டிங் போட்டா ரெண்டு மழை தாங்காது, சொவத்துல கீறல் விழுந்துரும். அதனால வீட்டுக்கே அண்டர்ரீம் பைல் போடுவாய்ங்க, துளையோட அடிப்பக்கத்த குடம் மாதிரி அகட்டி விட்டு காங்கிரீட் போட்டுட்டா மேல மண்ணு எவ்வளவு உப்பினாலும் பைல தூக்க முடியாது. காம்பவுண்டு சொவத்துக்கு பைல் போட்ட சைட்ட எல்லாம் பாத்தாச்சு. அப்ப கோஸ்டருக்கு போடாம விடுவாய்ங்களா? அதத் தாங்குற தூணுல ஒண்ணு லேசா எறங்குனாக் கூட ட்ராக் கோணிக்கும், ட்ரெயின்ல மேல ஓடுற வீல், பக்கவாட்டுல பிடிக்கிற வீல், அடியில தூக்க விடாம பிடிக்கிற வீல்னு மூணு தினுசு இருக்கு, அத்தனையும் ரெயில கவ்விக்கிட்டுத்தான் ஓடுது, ட்ராக்குல கோளாறுன்னா உதறல் நேரா நம்ம கழுத்துக்குத்தான் வரும்.

சரி அப்ப எத வச்சுத்தான் கண்டுபிடிக்கிறது? ஒண்ணு காகிதத்த பாக்கணும், இல்லன்னா கீழ அடித்தளத்த பாக்கணும். வெளிநாட்டுல இதுக்குன்னே திரியற ஆளுங்க இருக்காய்ங்க, அமெரிக்காவுல உயரமா எது கட்டுனாலும் விமானத்துறைக்கு தகவல் குடுக்கணும், அந்தக் காகிதத்த தோண்டி எடுத்து ரைடு எத்தன அடின்னு பார்க்காரன் சொல்றதுக்கு முன்னாடியே சொல்லிருவாய்ங்க. நம்மூர்லயும் ஏர்போர்ட் பக்கம் உயரமா கட்டணும்னா ஏர்போர்ட் அத்தாரிட்டிகிட்ட என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லைன்னு கடிதாசு வேணும், மதுர ஏர்போர்ட் இருக்கற பெருங்குடி அங்கேர்ந்து அப்படி ஒண்ணும் தூரமில்ல. பங்காளி அத யோசிக்கவே இல்ல.

போன ஞாயித்துக்கெழம பாலத்து மேல வண்டிய ஓரங்கட்டிட்டு பாத்தேன். ஒரு பக்கம் நேர்கோட்டுல வரிசையா பைல் கேப் (பைல் தலையில போடுற காங்கிரீட் மேடை, அது மேலதான் தூணு நிக்கும்), அது லிஃப்ட், சந்தேகமே இல்ல, செயின் ட்ரெயின மேல இழுத்துட்டுப் போற எடம் வளையாது. அதுக்கு அங்கிட்டு சின்னச் சின்ன கேப்பா நெருக்க நெருக்கமா, கட்டம் போட்ட கணக்கா நிக்குது, ஒவ்வொண்ணுலயும் தகட்டு டெம்ப்ளேட் வச்சு நாலே நாலு போல்ட், நூல் தேஞ்சிரக் கூடாதுன்னு மேல சாக்கு சுத்தி கட்டிருக்காய்ங்க. பெரிய கோஸ்டர்னா இப்படி இருக்காது. தூணுங்க தள்ளித் தள்ளி நிக்கும், கேப் ஒவ்வொண்ணும் ரூம் சைசுக்கு இருக்கும், போல்ட்டும் வட்டமா சுத்தி நெறைய நிக்கும்.

பூமராங்கும் இல்ல. கொச்சி வொண்டர்லா ரீகாயில்ல போனவய்ங்களுக்கு தெரியும், முன்னாடி போயி லூப் அடிச்சு அந்தக் கோடி டவர்ல ஏறி அதே ட்ராக்குல பின்னாடியே வரும். அந்த மாடல ஹாலந்து கம்பெனி வெகோமா 1984லயே கொண்டு வந்துட்டாய்ங்க, ட்ராக் 285 மீட்டர்தான், உயரம் 35 மீட்டர்கிட்ட, சின்ன எடத்துல அடங்கும்ங்கறதால ஊரு ஊருக்கு வித்துச்சு. ஆனா அதுக்கு ரெண்டு கோடியிலயும் பெரிய டவர் நிக்கணும், அதுக்கான அடித்தளம் இங்க ரெண்டு பக்கமும் இல்ல.

இன்வெர்ட்டட், அதான் சென்னை வொண்டர்லாவுல 2025 டிசம்பர்ல தொறந்தாங்களே தஞ்சோரா, அந்த மாதிரி காலு தொங்குற வகை, அது ஸ்விட்சர்லாந்து போலிகர் அண்டு மாபில்யார்ட் சரக்கு, நைட்ரோவும் அவய்ங்களோடதுதான், 2013ல வந்தது, அஞ்சு தடவ தலைகீழ். ட்ரெயின் ட்ராக்குக்கு கீழ தொங்குறதால தூணு எல்லாம் பாதைய விட்டு ஒதுங்கி நிக்கணும், இங்க கேப் இருக்கற நெருக்கத்துல தொங்குற காலு தூண்ல இடிச்சிரும். தவிர அந்தக் கம்பெனி ரைடோட வெலைக்கு ஏத்த மாதிரி நம்ம பக்கம் டிக்கெட் போட்டா ஒருத்தனும் வரமாட்டான். நைட்ரோவே 132 அடிதான், நம்ம மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரம் 170 அடி. பங்காளிகிட்ட இதச் சொன்னேன், "அப்ப கோபுரத்த விட பெருசா வைக்கட்டும்"ங்கறான். இவன் போன்ல பாக்குறது பூரா சவுதியில இருக்கற ஃபால்கன்ஸ் ஃப்ளைட், 195 மீட்டர், 250 கிலோமீட்டர் வேகம். உயரமா வச்சா அத ஓட்டணும்லடா? அமெரிக்காவுல கிங்டா கா 139 மீட்டர், 2005ல வந்துச்சு, எத்தன நாளு ரிப்பேர்னு நின்னுச்சு, கடைசில 2025 பிப்ரவரியில வெடி வச்சு சாச்சுட்டாய்ங்க.

அதனால என் கணக்குக்கு இது ஒய்ல்ட் மௌஸ், இல்லன்னா அதுலயே சுத்துற வகை. கட்டம் போட்ட கேப்புக்கு அதுதான் பொருந்துது, மேல ஏறுனதும் பட்டு பட்டுன்னு கொண்டை ஊசி வளைவா போட்டு அடுக்கடுக்கா எறக்குவாய்ங்க. பேரக் கேட்டு செட்டுல எல்லாரும் மூஞ்ச சுளிச்சாய்ங்க, அத நான் ஒத்துக்கவே மாட்டேன். நாலு பேரு உக்காருற அந்த வண்டியில வீல பின்னாடி தள்ளி வச்சிருப்பாய்ங்க, அதனால வளைவு வரும்போது நம்ம ட்ராக்க தாண்டி வெளிய போயிட்ட மாதிரி இருக்கும், போச்சுடா விழுந்தோம்னு நெனைக்கிற அந்த நொடியில வண்டி வெடுக்குனு திரும்பும். அதுல இருக்கற பயம் வேகத்துல வராது. சுத்துற வகையா இருந்தா இன்னும் கூத்து, மோட்டார் எல்லாம் கெடையாது, எடை எந்தப் பக்கம் சாயுதோ அத வச்சுத்தான் சுத்தும், ஒரு பக்கம் எங்க மாமா மாதிரி ஆளையும் எதிர்ப்பக்கம் ஒரு பொடியனையும் உக்கார வச்சா பம்பரந்தான்.

நம்ம பக்கத்துக்கு இதுதான் சரியும் கூட. அங்க வர்றது உசிலம்பட்டி, விருதுநகர்னு வேன் புடிச்சு குடும்பத்தோட வர்ற சனம். மதுரயில சித்திரைப் பொருட்காட்சி போட்டா கொலம்பஸ விட அந்தச் சின்ன டிராகன் ட்ரெயினுக்குத்தான் கியூ நீளும். பெரிய கோஸ்டர்ல உயரக் குச்சிய வச்சு அளந்து பாதி புள்ளைங்கள வெளிய நிறுத்திட்டா ஆத்தாவும் வெளியதான் நிக்கும், அப்பன் மட்டும் போயி கத்திட்டு வருவான்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்கு ஒதைக்குது. மேற்கு ஓரத்துல தனியா ஒரு பெரிய கேப், மத்தத விட ரெண்டு மடங்கு, அதுல மட்டும் போல்ட் வட்டமா நிக்குது. ட்ராப் டவர், அதான் ஒத்தத் தூணுல மேல ஏத்திட்டு பொத்துனு கீழ விடுற ரைடுங்கறது என் எண்ணம், பங்காளி அதத்தான் லூப்புங்கறான். லூப்புக்கு ஒத்தத் தூணு எப்படிடான்னா பதில் இல்ல. கன்டெய்னர் வந்து எறங்குனா பாதி தெரிஞ்சிரும், அந்த வழியா போறவய்ங்க ட்ராக் பீஸ் கண்ணுல பட்டா நடுத்தண்டு பாக்ஸா இருக்கா குழாயா இருக்கான்னு பாருங்க, அத வச்சு எந்தக் கம்பெனின்னு யூகிக்கலாம், பெயிண்ட் உரிஞ்ச எடத்துல அடியில வேற கலரு தெரியுதான்னும் பாருங்க, தெரிஞ்சா செகண்ட் ஹேண்டா இருக்கலாம்.

பந்தயம் போட்டாச்சு. ஒரு தடவயாச்சும் தலைகீழா போனா செட்டுக்கே நான் கறிதோசை, போகலன்னா பங்காளி. இத்தன பைலும் வாட்டர் ஸ்லைடுக்குன்னு ஆயிட்டா யாரு வாங்கித் தர்றதுங்கறதுலதான் இன்னும் சண்ட.