சங்குத்துறை மணல்: மே, ஜூன் 2025

மே 19, திங்கள்

சங்குத்துறைக் கடற்கரையில் ஒரு அக்காவின் தாலிச் செயின் அறுந்தது நேற்று சாயங்காலம். மெட்டல் டிடெக்டர் கருவியோடு தொலைந்த நகை தேடிப் போகிற எனக்கு போன் வந்தது இன்று காலை ஒன்பதுக்கு. அதற்குள் வீட்டோடு ஆறு பேர் ராத்திரி டார்ச் அடித்து, காலால் கிளறி, கையால் குழி பறித்து முடித்துவிட்டார்கள். இதைவிடப் பெரிய கேடு வேறில்லை. ஈர மணலைக் கிளறினால் தங்கம் மேலே வராது, இன்னும் இறங்கும். சாதாரண மணல் தண்ணீரைப் போல இரண்டரை மடங்குக் கனம். 22 காரட் தங்கம் 17 மடங்குக்கும் மேலே.

மூன்று பவுன் செயின், தாலி, தாலிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு குண்டு.

கேட்டவை: அறுந்தது கழுத்தில் தெரிந்ததா, தடவும்போதுதான் தெரிந்ததா? (தடவும்போதுதான்.) கடைசியாகப் பார்த்தது எப்போது? சேலையை எங்கே நின்று பிழிந்தீர்கள்? துவாலை மடிப்பு, பிளவுஸ் உள்பக்கம், கார் சீட் பெல்ட் பொந்து எல்லாம் பார்த்தாயிற்றா? செயின் அறுந்தால் எல்லாம் ஒரே இடத்தில் விழாது. தாலி முதலில் வழுகும், செயின் துணியில் ஒட்டிக்கொண்டு பத்தடி கூடவே வரும்.

"இன்னைக்கே வாங்கண்ணே, கடல் கொண்டு போயிரும்."

கடல் கொண்டுபோகாது. மூடும்.

மே 20, செவ்வாய்

அந்த அக்கா காட்டிய இடத்துக்கும் அவர் வீட்டுக்காரர் காட்டிய இடத்துக்கும் பதினெட்டு அடி வித்தியாசம். எல்லாரும் தண்ணீர் ஓரத்தை வைத்துத்தான் சொல்வார்கள். அந்த ஓரம் மணிக்கு ஒரு இடத்தில் நிற்கும்.

போனில் இருந்த படங்களைக் கேட்டு வாங்கினேன். 5.52க்கு எடுத்த ஒன்றில் பிள்ளைகள் மணல்வீடு கட்டுகிறார்கள். பின்னால் ஒற்றைத் தென்னை, அதன் இடது தோளில் மொபைல் டவர். கட்டுமரக்காரர் கடலில் கணியம் பிடிக்கிற மாதிரி (கரையில் இரண்டு அடையாளங்களைச் சேர்த்துப் பார்த்து இடம் குறிப்பது), தென்னையும் டவரும் அதே போல ஒட்டித் தெரிகிறவரை நடந்தேன். ஒரு கோடு கிடைத்தது. குறுக்குக் கோட்டுக்கு இன்னொரு படம். இரண்டும் வெட்டுகிற இடம் இரண்டு பேர் சொன்னதற்கும் நடுவில்.

அங்கே இரண்டு மீட்டர் பி.வி.சி. குழாயை வாளித் தண்ணீர் ஊற்றி ஊற்றி இறக்கினேன். இரும்புக் கம்பி ஊன்றினால் கருவி அதையே பாடிக்கொண்டிருக்கும். வெளியே 60 செ.மீ. நிற்கிறது. மணல் ஏறினால் இது குறையும், மணல் போனால் கூடும்.

குழாயைச் சுற்றி 20க்கு 12 மீட்டர், நைலான் கயிறு, மரமுளை, ஒரு மீட்டர் அகலச் சால். காயில், அதாவது கருவியின் நுனியில் இருக்கிற வட்டு, மணலுக்கு மேல் இரண்டு விரல். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சில் பாதியை மூட வேண்டும். இதில் அவசரப்பட்டால் நடுவில் தாமரை இலை அளவுக்குத் தேடாத இடம் மிஞ்சும், தேடுகிற பொருள் அங்கேதான் கிடக்கும். நெடுக முடித்துக் குறுக்கே மறுபடி.

கிடைத்தது: குவார்ட்டர் மூடி 31, மாத்திரை அட்டைத் தகடு 9, ஹேர்பின் 6, அஞ்சு ரூபாய் 2, சாவி 1.

மே 20, இரவு

அக்காவின் மெசேஜ்: "கிட்டிச்சாண்ணே?"

மே 22, வியாழன்

மூடிகளை ஒதுக்க ஏன் முடியாது என்று அக்காவின் கொழுந்தன் கேட்கிறார். அவர் யூடியூப் பார்த்திருக்கிறார். இரும்பை ஒதுக்கலாம். அலுமினியத்தை ஒதுக்கினால் தங்கமும் கூடவே போகும். என் கருவி ஈக்வினாக்ஸில் திரையில் வரும் எண் மைனஸ் 9இலிருந்து 40 வரை. தகடு, டின் வளையம், சின்ன மோதிரம், கம்மல் எல்லாம் ஒரே வரிசையில் வந்து உட்காரும். எண் தங்கத்தின் பெயரைச் சொல்லாது. எவ்வளவு மின்சாரம் அந்தத் துண்டுக்குள் சுழல்கிறது என்பதைத்தான் சொல்லும்.

செயினில் வம்பு அங்கேதான். மோதிரம் மூடிய வட்டம், சுழல்மின்னோட்டம் தடையில்லாமல் ஓடும், சத்தம் தெளிவாக வரும். அதே மோதிரத்தை ஓரிடத்தில் அறுத்தால் சத்தம் பாதிக்கும் கீழே. செயின் என்றால் நூறு சின்ன வளையங்கள். ஒன்றோடொன்று தொடுகிற இடம் ஒரு புள்ளி. கருவிக்கு மூன்று பவுன் தெரியாது, ஒரு வளையம்தான் தெரியும், அதுவும் நெல்மணி அளவு.

அக்காவின் தங்கச்சி செயினை வாங்கி, நூலில் கட்டி, காய்ந்த மணலில் புதைத்துப் பார்த்தோம். நீட்டிப் போட்டால் 8 செ.மீ.க்குக் கீழே ஊமை. கையில் சுருட்டிக் குவித்துப் போட்டால் 13. கொக்கியும் தாலியும் மட்டும் தனியாக ஒலிக்கும். என் நாலு கிராம் சோதனை மோதிரம் அதே மணலில் 22 வரை கேட்டது.

ஆகவே நான் தேடுவது செயினை அல்ல. தாலியை.

குழாய் 58.

மே 24, சனி

கேரளாவில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதாக அறிவிப்பு. இங்கே விடியற்காலையிலிருந்தே காற்று.

மே 27, செவ்வாய்

அமாவாசை. கடல் நன்றாக வற்றும் என்று போனேன். வற்றியது; ஆனால் அலை மண்ணைக் கொண்டுவந்து போட்டிருக்கிறது. குழாய் 49. பதினொரு செ.மீ. புது மணல். பதினெட்டாம் தேதி மேலாக விழுந்தது இப்போது கருவிக்கு எட்டாத ஆழத்தில் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

"கிட்டிச்சாண்ணே?"

இல்லை என்று அடிப்பதற்குப் பதில் குழாய் எண்ணை அனுப்பினேன். அது இன்னும் மோசம் போலிருக்கிறது. பதில் இல்லை.

மே 30, வெள்ளி

கொச்சிக்கு வெளியே கவிழ்ந்த கப்பலின் பிளாஸ்டிக் குருணை நம் கரைக்கும் வந்துவிட்டது. வெள்ளை வெள்ளையாக, ஜவ்வரிசி மாதிரி. கருவிக்கு இதனால் தொந்தரவில்லை. ஆனால் பார்க்கப் பார்க்க ஒன்று தெரிகிறது: குருணை ஒதுங்கிய கோடு மேலே, சருகும் தெர்மோகோலும் கிடக்கிற வரிசையில். அதற்குக் கீழே, அலை திரும்பி இறங்குகிற சரிவில், சிவப்பு மணலும் கறுப்பு மணலும் வரி வரியாகப் படிந்திருக்கின்றன. கடல் கனம் பார்த்துப் பிரித்து வைக்கிறது. மேலே தேடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்.

குழாய் 47.

ஜூன் 3, செவ்வாய்

தோவாளை. பூ கட்டுகிற பெரியம்மையின் மோதிரம். பூவில் தண்ணீர் தெளித்துத் தெளித்து விரல் எப்போதும் ஈரம். ஈரமும் குளிரும் சேர்ந்தால் விரல் சுருங்கும், மோதிரம் தானாக வழுகும்.

தகரக் கூரை, இரும்பு மேசை, தராசு. அங்கே கருவியை எடுக்கவே முடியாது. மூட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே மண் தரைக்குக் கொண்டுவரச் சொல்லி, காயிலைத் தரையில் அசையாமல் வைத்து, பூவைப் பிளாஸ்டிக் தட்டில் அள்ளி அள்ளிக் காயில்மேல் வீசினோம். கருவியை ஆட்டாதே, பொருளை ஆட்டு. பூ எடுக்கிற பையன்கள் பேசாமல் நின்றால் போதும், ஒருவன் இடுப்பில் சாவிக்கொத்து. இரண்டு மணி நேரம். மோதிரம் பூவில் இல்லை, வாழை நார்க் கட்டுக்குள் இருந்தது. நாரை முதலில் பார்த்திருக்கலாம்.

சங்குத்துறைக்குப் போகவில்லை.

ஜூன் 5, வியாழன்

"தாத்தா காலத்துப் புதையல் தோட்டத்தில் இருக்கு, பாதி உங்களுக்கு" என்று ஒருவர். 1878ஆம் வருஷச் சட்டம் இன்னும் இருக்கிறது. மண்ணுக்குள் புதைந்தது 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்றேன். போனை வைத்துவிட்டார்.

ஜூன் 8, ஞாயிறு

தக்கலைக்கு மேலே, கிணற்றில் விழுந்த மோதிரம். பாதாளக்கரண்டி போட்டு மூன்று நாள் துழாவியிருக்கிறார்கள். அது வாளிக்கு, குடத்துக்கு. மோதிரத்தை அது சேற்றுக்குள் அமுக்கத்தான் செய்யும். காந்தம் வேறு கட்டி இறக்கியிருக்கிறார்கள். தங்கம் காந்தத்துக்கு வராது.

கருவி மூன்று மீட்டர் தண்ணீர் தாங்கும், அதனால் உள்ளே இறக்கலாம் என்று நினைக்கக் கூடாது. கிணற்று உறைக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது. சுவரிலிருந்து ஒன்றரை அடி வரை எதுவும் கேட்காது. மோட்டார் வைத்து இறைத்து, சேற்றை வாளி வாளியாக எடுத்து, தார்ப்பாயில் மூன்று விரல் கனத்துக்குப் பரப்பி, அதன்மேல் கருவியை ஓட்ட வேண்டும். பதினான்காவது வாளியில் கிடைத்தது.

டீசல் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி வைக்கப் பார்த்தார்கள், கத்தி நிறுத்தினேன். புகை கீழே தேங்கினால் இறங்குகிற ஆள் ஏறமாட்டான்.

ஜூன் 11, புதன்

பௌர்ணமி. குழாய் 45. இதுவரை இல்லாத குறைவு.

ஜூன் 12, வியாழன்

மழை.

ஜூன் 13, வெள்ளி

மழை. இரண்டு நாளாக மெசேஜ் வரவில்லை. வந்தபோது எரிச்சல், வராதபோது அதைவிட.

ஜூன் 17, செவ்வாய்

மணவாளக்குறிச்சி. கம்மல் ஒன்று, திருகாணி இல்லாமல். இந்தக் கரையின் கறுப்பு மணலைப் பற்றி ஒரு நோட்டே எழுதலாம். இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட். கயிற்றோடு ஒட்டிக்கொண்டு கப்பலேறிய மணலில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் மோனசைட்டைக் கண்டது இந்தக் கரையில்தான். அவருக்கு யோகம், நமக்குத் தலைவலி. ஒற்றை அலைவரிசைக் கருவி இங்கே எண்ணெயில் போட்ட கடுகு. உப்புத்தண்ணீர் ஒரு பக்கம் மின்சாரம் கடத்தும், கறுப்பு மணல் இன்னொரு பக்கம் காந்தத் தொந்தரவு. ஒன்றுக்குச் சரிசெய்தால் மற்றது கத்தும். பல அலைவரிசை ஒன்றாக ஓடுகிற கருவிதான் இரண்டையும் ஒருவாறு கழித்துக் காட்டும்.

செய்தது: உலோகமில்லாத இடத்தில் காயிலை முழங்கால் உயரத்திலிருந்து மணல்வரை ஏற்றி இறக்கி நிலத்தைப் பழக்கினேன். பத்தடிக்கு ஒருமுறை அதையே மறுபடி, ஏனென்றால் கறுப்பு வரி மாறிக்கொண்டே இருக்கிறது. சென்சிடிவிட்டி 20இலிருந்து 14. கூட்டி வைத்தால் ஆழம் கிடைக்கும் என்பது மயக்கம். இரைச்சலில் சின்னச் சத்தம் மூழ்கிப்போகும். கம்மல் கிடைத்தது நாலு விரல் ஆழத்தில்.

திரும்பும்போது சங்குத்துறை வழியாக வந்தேன். குழாய் 71.

எழுபத்தொன்று.

ஜூன் 18, புதன்

76. போன வாரத்திலிருந்து ஓரடிக்குக் கொஞ்சம் கூடவே மணல் போயிருக்கிறது. அலை உயரம், இறங்க முடியாது.

ஜூன் 25, புதன்

மறுபடி அமாவாசை. கரை வெட்டு விட்டிருக்கிறது. மேட்டு மணல் சுவர் மாதிரி இடுப்பளவுக்கு அறுந்து நிற்கிறது, சுவரில் வெள்ளை, கறுப்பு, செம்மண் நிறக் கார்னெட் என்று அடுக்கு அடுக்காக. குழாய் 118, ஆடுகிறது, கயிறு போட்டுக் கட்டினேன்.

வெட்டின் மேலே தேடி என்ன பிரயோசனம்? அடிவாரத்தில், செம்மணல் தலைகாட்டும் இடத்தில் மெதுவாக நடந்தேன். முதல் சத்தம் ஈயக்குண்டு, வலையிலிருந்து அறுந்தது. இரண்டாவதும் ஈயக்குண்டு. பத்தடி நீளத்துக்குள் ஏழு. மூடி ஒன்றுகூட இல்லை. ஈயம் தண்ணீரைப் போல 11 மடங்கு. ஈயம் நின்ற வரியில்தான் தங்கமும் நிற்கும். மூடி நிறைய வருகிற இடத்தில் எவ்வளவு நேரம் வீணடித்தோம் மே மாதத்தில்.

வெளிச்சம் போய்விட்டது.

ஜூன் 26, வியாழன்

ஸ்கூப்பில், அதாவது மணல் அள்ளிச் சலிக்கிற ஓட்டைக் கரண்டியில், ஓட்டை பன்னிரண்டு மில்லிமீட்டர். மோதிரத்துக்கு அது சரி. குண்டு அதில் தங்காது. வீட்டு மாவுச்சல்லடையை எடுத்துப் போனேன்.

குழாய்க்குத் தெற்கே இரண்டரை அடியில் எண் 2, சில வீச்சில் 3, சில வீச்சில் ஒன்றுமில்லை. நெடுக வீசினால் வருகிறது, குறுக்கே வீசினால் கலைகிறது. இப்படிப்பட்ட சத்தத்தை முன்பெல்லாம் உப்பு என்று விட்டுவிடுவேன். ஒரு ஸ்கூப் அள்ளி நகர்த்திப் போட்டேன். குழியில் சத்தம் இல்லை, குவியலில் இருக்கிறது. குவியலைப் பாதி பாதியாகப் பிரித்து, சத்தமுள்ள பாதியை மட்டும் வைத்து, மறுபடி பாதி. கடைசியில் ஒரு கைப்பிடி. அதைச் சல்லடையில் போட்டு ஓடுகிற தண்ணீரில் அலசினேன். சிப்பித் துண்டு, சிப்பித் துண்டு, மிளகைவிடச் சின்னதாக ஒன்று. ஓட்டைக்குள் கறுப்பு மணல் அடைத்திருந்தது. ஊதினால் போகவில்லை, ஈர்க்கால் குத்தி எடுத்தேன்.

குண்டு.

ஜூன் 26, இரவு

படம் அனுப்பலாமா? ஒரு குண்டை வைத்து ஒரு வீட்டை விடிய விடிய உட்கார வைக்கக் கூடாது. யாருடைய குண்டு என்றும் இன்னும் சொல்ல முடியாது. மே 20 படங்களில் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாலிக்கு இடப்பக்கக் குண்டில் நடுவே ஒரு கோடு. இதிலும் கோடு இருக்கிறது. எல்லாக் கடையிலும் அப்படித்தான் செய்வார்கள்.

ஜூன் 28, சனி

இரண்டாவது. முதலாவதிலிருந்து 40 செ.மீ. கிழக்கே, அதே செம்மணலில். இதிலும் கோடு. குண்டு இரண்டும் தாலியை ஒட்டிக் கோத்தவை. வழுகும்போது மூன்றும் சேர்ந்துதான் வழுகியிருக்கும். தாலி தட்டை, மணலில் சறுக்கும், குண்டு நேராக இறங்கும். எனவே தாலி சரிவில் கீழே, கடல் பக்கம். ஒரு மீட்டருக்குள்.

குழாய் 112. மண் போட ஆரம்பித்துவிட்டது.

ஜூன் 29, ஞாயிறு

104. நேற்றைய குழிகள் மூடிவிட்டன. கடல் வற்றுகிற நேரம் இன்று நேற்றைவிடக் கிட்டத்தட்ட 50 நிமிஷம் தள்ளி. பாட்டரி முழுசாக ஏறியாயிற்று, சல்லடை வண்டியில் இருக்கிறது. கொழுந்தனை வரச் சொல்லியிருக்கிறேன், மண்வெட்டியோடு. ஏன் என்று சொல்லவில்லை.